பயத்தமாவு வாசம்

கொசு கடித்தால் அடிப்பார்கள், இல்லாவிட்டால் சொறிந்துகொள்வார்கள். செண்பகவல்லி வீட்டில் மட்டும் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். புரட்டாசி மாதத்துச் சாயங்காலம் ஒன்றில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மகள் முத்தரசி வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து சீடை தின்றுகொண்டிருந்தவள், "எம்மா, உன் கொசு என்னைக் கடிச்சிட்டு" என்று அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"என் கொசு கடிக்காதுட்டி. அது பழைய கொசு மிச்சம்" என்றாள் செண்பகவல்லி, தாளிப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஒரு மாதமாக ஊர் முழுக்க அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். காய்கறிக் கடையில் கேட்டாலும் இதே பதில், பஸ்ஸில் கேட்டாலும் இதே பதில். கேட்டவர்களும் நம்பிக்கொண்டார்கள். விஞ்ஞானி சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வது? அவள் கணவன் தவசி மட்டும் நம்புகிற ஆளில்லை. முப்பது வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொல்கிறவனைத்தான் முதலில் சோதிப்பார். மகளின் முழங்கையில் உட்கார்ந்திருந்த கொசுவைக் கண்ணாடித் தம்ளரால் மூடி, ஒரு கல்யாணப் பத்திரிகையை அடியில் செருகி, அப்படியே அடுக்களைக்குக் கொண்டுவந்து நீட்டினார்.

செண்பகவல்லி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். டெங்குக் கொசுவுக்குக் காலில் வெள்ளை வளையம் இருக்கும். இந்தக் கொசுவின் காலில் வளையம் இளமஞ்சளாக இருந்தது. வயிறு முத்தரசியின் இரத்தத்தால் உப்பியிருந்தது. உலகத்திலேயே ஒரே ஒரு கொசு இனத்துக்குத்தான் மஞ்சள் வளையம் உண்டு. அந்த இனத்தை உண்டாக்கியவள் அவள்.

செங்குளத்துக்காரர்களுக்குக் கொசுவைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மூன்று மழைக்காலம் வரிசையாக டெங்கு வந்து வீட்டுக்கு ஓர் ஆளைப் படுக்கப்போட்ட ஊர் அது. மருந்தடித்துப் பார்த்தார்கள், கொசு பழகிக்கொண்டது. மலட்டு ஆண் கொசுக்களை விட்டு ஒழித்துப் பார்த்தார்கள். ஒழிந்ததும் ஒழிந்தது, ஆனால் காலியாகக் கிடந்த ஊரைப் பார்த்துப் பக்கத்து ஊர்க் கொசு குடும்பத்தோடு குடிவந்துவிட்டது. அப்போதுதான் தென்காசிச் சாலையில் இருந்த ஆய்வு நிலையத்தில் செண்பகவல்லி ஒரு கேள்வியைக் கேட்டாள். கொசு இருந்துவிட்டுப் போகட்டும், மனுஷனைக் கடிக்காத கொசுவாக இருந்தால் என்ன?

மரபணுவை வெட்டி ஒட்டுகிற வேலை எதுவும் அவள் செய்யவில்லை. ராஜபாளையத்தில் நாய் வளர்க்கிறவர்கள் செய்வதைத்தான் செய்தாள். வேண்டிய குட்டியை வைத்துக்கொள்வது, வேண்டாததைக் கழிப்பது. வலைக்கூண்டுக்குள் நிறையக் கொசுவை விட்டுத் தன் கையை நுழைப்பாள். கையில் வந்து உட்காருகிறவற்றை உதவி ஆய்வாளர் இஸ்மத் உறிஞ்சுகுழாயால் இழுத்தெடுத்துச் சாகடிப்பாள். கைக்கு வராமல் ஒதுங்கி நின்றவற்றுக்கு ஆட்டு இரத்தம் கொடுத்து முட்டையிட வைப்பார்கள். அந்த முட்டையிலிருந்து வருவதற்கு மறுபடியும் கை. அடையாளத்துக்காகக் கால் வளையம் மஞ்சளடித்தவற்றையே மிச்சம் வைத்தார்கள். எட்டு வருஷம் இதே வேலை. கொசுவுக்கு அது நூறு தலைமுறைக்கு மேல், மனுஷக் கணக்கில் பார்த்தால் சங்க காலத்தையும் தாண்டிப் போய்விடும்.

கடைசியில் கையை நுழைத்தால் மொத்தக் கூட்டமும் எதிர்ப்பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும் நிலை வந்தது. ஊரிலிருந்து ஆண், பெண், கிழவர், குழந்தை என்று பலபேரை அழைத்துவந்து கையை நுழைக்கச் சொன்னார்கள். ஒருவரையும் தொடவில்லை. விலகிப் போகிற கொசு என்பதால் 'விலகி' என்று பேர் வைத்தார்கள். ஊர்க்கொசுவை ஒழித்துவிட்டு ஆடி மாதக் கடைசியில் அந்த இடத்தில் விலகியைக் குடியேற்றினார்கள். மேளதாளம் ஒன்றுதான் பாக்கி.

இப்போது அந்த விலகிதான் தம்ளருக்குள் வயிறு புடைக்க உட்கார்ந்திருந்தது. "டிக்கெட் இல்லாத பயணி போல இருக்கே" என்றார் தவசி. செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. கூடத்தில் மகள் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இன்னும் ஒரு மாதத்தில் மழை தொடங்கிவிடும். நிறைமாதத்தில் டெங்கு வந்தால் தாயும் பிள்ளையும் பிழைப்பது எவ்வளவு பாடு என்று அவளுக்குத் தெரியும். போன மழையில் அரசு மருத்துவமனை வாசலில் அப்படி ஒரு குடும்பம் நின்று அழுததை அவளே பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் ஆய்வு நிலையத்துக்குப் போனதும் போகாததுமாக இஸ்மத்தைக் கூப்பிட்டாள். இஸ்மத் கடையநல்லூர்க்காரி, அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வியர்வையோடு வந்துகொண்டிருந்தாள். விலகிக் கூண்டுக்குள் கையை விடச் சொன்னதும் வழக்கம்போல் கைகழுவும் தொட்டிப் பக்கம் போனாள்.

"கழுவாத. வந்தபடியே விடு" என்றாள் செண்பகவல்லி.

இஸ்மத் கையை நுழைத்தாள். கூண்டிலிருந்த கொசு அத்தனையும் அவள் கையில் வந்து அப்பிக்கொண்டது. அவள் அலறிக்கொண்டு கையை உருவினாள். பிறகு தொட்டியில் போய், அலமாரியிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து, உள்ளேயிருந்த மாவை எடுத்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி நுழைத்தாள். ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை, எல்லாம் எதிர்ச்சுவருக்கு ஓடிவிட்டன. இரண்டு பேரும் அந்த டின்னைப் பார்த்தபடி நின்றார்கள்.

அந்த மாவின் கதை சின்னக் கதைதான். சோப்பு வாசம் கொசுவின் மூக்கைக் கெடுத்துவிடும், அதனால் வாசமில்லாத எதையாவது போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் சோதனை செய்ய வேண்டும் என்று முதல் நாளே விதி வைத்தார்கள். வாசமில்லாதது என்றால் எது? செங்குளத்துப் பெண்ணைக் கேட்டால் பயத்தமாவு என்பாள். பாசிப்பயற்றோடு ஒரு பிடி பூலாங்கிழங்கைக் காயவைத்துப் போட்டு அரைத்த மாவு. செண்பகவல்லியே வீட்டிலிருந்து அரைத்துக் கொண்டுவந்தாள். பூலாங்கிழங்குக்கு எப்பேர்ப்பட்ட வாசம் உண்டு என்று வேறு சீமைக்காரன் ஒருவன் இருந்திருந்தால் சொல்லியிருப்பான். பிறந்த நாளிலிருந்து அந்த மாவில் குளித்து வளர்ந்தவர்களுக்கு அது வாசமாகவே தெரியவில்லை. ஊர்க்காரர்களை வைத்துச் செய்த சோதனையிலும், எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற நியாயத்துக்காக அத்தனை பேர் கையையும் அதே டின் மாவில்தான் கழுவவைத்தார்கள். சோதனை முடிந்து வீட்டுக்குப் போனதும் அவர்கள் சோப்புப் போட்டுத்தான் குளித்தார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேய்த்த மாவு என்றாலும், கடையில் சோப்பு வந்தபிறகு யார் உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

"மேடம், அப்போ எட்டு வருஷமா நாம எதைக் கழிச்சோம்?" என்றாள் இஸ்மத்.

"பயத்தமாவுக்கு வந்ததைக் கழிச்சோம். மனுஷ வாசம் அதுகளுக்கு இன்னைக்கும் மல்லிகைப்பூதான்."

நிலைய இயக்குநர் ஞானதுரையிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் இருண்டது. தம்பி மகளை டெங்குவுக்குப் பறிகொடுத்தவர் அவர், இந்தத் திட்டத்துக்காக ஒவ்வொரு அலுவலக வாசலிலும் நின்று கெஞ்சியவர். கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் தெளிந்தது. மாவைக் கண்டால் கொசு ஓடுகிறது என்றால், ஊரே மாவைத் தேய்த்துக்கொள்ளட்டுமே என்றார். மருந்து வேண்டாம், புகை வேண்டாம், கைக்கெட்டும் தூரத்தில் பயறு இருக்கிறது.

செண்பகவல்லி ஒத்துக்கொள்ளவில்லை. "கூண்டுல தேர்ந்தெடுக்க நான் இருந்தேன் சார். எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும், தப்பா இருந்தாலும் ஒரு நோக்கம் இருந்துது. வெளியே தேர்ந்தெடுக்க யாரும் கிடையாது."

"யாரும் இல்லன்னா தொந்தரவு இல்லதான?"

"அதுதான் தொந்தரவே. எது பிள்ளை பெத்துப் போடுதோ அது மிஞ்சும், அவ்வளவுதான் அங்க சட்டம். ரத்தம் குடிக்கலன்னா முட்டை கிடையாது. ஊரே மாவு பூசிக்கிட்டா, மாவைக் கண்டு ஓடுறதெல்லாம் பட்டினி கிடந்து வாரிசு இல்லாமப் போவும். ஓடாத ஒண்ணு எங்கேயாவது இருந்தா, அதோட பிள்ளைகதான் அப்புறம் ஊரு பூரா."

"கூண்டுல நூறு தலைமுறை ஆச்சுன்னு சொன்னீங்களே. நமக்கு இந்த மழைக்காலம் தாண்டினாப் போதும்."

"கூண்டுல நான் மத்தியானத்துல ஒரு மணி நேரம் கையை வச்சுக்கிட்டு நிப்பேன். ஞாயித்துக்கிழமை லீவு. வெளியே அது விடியிறதுலருந்து அடையிற வரைக்கும் எல்லா வீட்டுலயும் நடக்கு சார்."

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "உங்க பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்காளாமே" என்றார். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். ஆனாலும் அந்தச் சொல் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. செண்பகவல்லி சரி என்றாள்.

அடுத்த வாரமே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். காலையும் மாலையும் பயத்தமாவு பூசுங்கள், செங்குளத்தைக் காப்பாற்றுங்கள் என்று செண்பகவல்லியின் குரலிலேயே பதிவுசெய்து தெருத்தெருவாகப் போட்டார்கள். ரேஷன் கடையில் மாவு கொடுத்தார்கள். ஊர்க்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கொசு கடிப்பது உண்மையிலேயே நின்றுவிட்டதே! டீக்கடை வாசலில் மாவுக் கிண்ணம், கோயில் வாசலில் மாவுக் கிண்ணம், பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு முன்னால் கையை முகர்ந்து பார்த்துத்தான் பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். மாவு ஒத்துக்கொள்ளாமல் தோலில் அரிப்பு வந்த ஒரு குடும்பத்தைத் தெருவே ஒதுக்கிவைத்தது. அவர்களால்தான் கொசு தெருவுக்குள் வருகிறதாம். தாங்க முடியாமல் வேறு ஊருக்குக் குடிபோன பிறகு அந்த வீட்டுக்காரர்கள் போன் செய்து செண்பகவல்லியைத்தான் திட்டினார்கள்.

பக்கத்து வீட்டு மரியபுஷ்பமோ செண்பகவல்லியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடாத குறை. தையற்காரி, பிள்ளை இல்லாதவள், முத்தரசியைச் சின்ன வயதிலிருந்து இடுப்பில் சுமந்தவள். பிறக்கப்போகிற குழந்தைக்குப் பழைய நூல் சேலைகளைக் கிழித்துத் துவைத்து மெத்துமெத்தென்று சட்டை தைத்துக்கொண்டு, சாயங்காலமானால் வந்து உட்கார்ந்துவிடுவாள். அவள் வாசலில் கால்வைக்கும்போதே பயத்தமாவு வாசம் கூடத்துக்கு வந்துவிடும். எதைச் செய்தாலும் முழுதாகச் செய்கிற ஆள், இரண்டு நேரம் பூசச் சொன்னால் மூன்று நேரம் பூசினாள்.

ஊர் நிம்மதியாகத் தூங்கிய அந்த நாட்களில் செண்பகவல்லிக்குத்தான் தூக்கமில்லை. வாரந்தோறும் ஊரில் பல இடங்களில் தேங்கிய தண்ணீரிலிருந்து புழு எடுத்துவந்து வளர்த்து, கொசுவானதும் கூண்டில் விட்டுப் பார்த்தாள். தன் கையை அவள் நம்பவில்லை, மாவு ஊறிய கை அது. இஸ்மத்தின் இரண்டு கையையும் நுழைக்கச் சொன்னாள், ஒன்றில் மாவு, மற்றதில் சோப்பு. உறிஞ்சுகுழாய் இப்போது செண்பகவல்லியின் கையில் இருந்தது. முதல் வாரங்களில் சோப்புக் கை கொசு அப்பிக் கறுத்துப்போகும், மாவுக் கை வெறுமையாக இருக்கும். ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்த வாரத்தில், மாவுக் கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அவசரமே இல்லாமல் காலை ஊன்றிக் குடித்தது. செண்பகவல்லியின் கை எட்டு வருஷம் பார்த்த பழக்கத்தில் குழாயோடு கிட்டே போய்விட்டது. பிறகு நின்றது.

"கூண்டுன்னா இவ இன்னைக்குச் செத்தா" என்றாள். "வெளியே இவதான் ஆத்தா."

அடுத்த வாரம் பத்துப் பன்னிரண்டு. அதற்கடுத்த வாரம் இரண்டு கையும் சமம். கார்த்திகை தொடங்கியபோது சோப்புக் கையைச் சீந்துவாரில்லை, மாவுக் கைதான் கறுத்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மறுபடியும் மறுபடியும் செய்து பார்த்தார்கள். இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று இஸ்மத் கேட்டாள். செண்பகவல்லி அதை ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். நூறு தலைமுறையாக அந்த ஒரு வாசத்தை எங்கிருந்தாலும் கண்டுபிடிக்கிற மூக்கைக் கொசுவுக்குச் செய்துகொடுத்தவர்கள் இவர்கள். அந்த வாசம் பட்டதும் ஓடிப்போவதா, ஓடிவருவதா என்பது மட்டும்தான் மாற வேண்டியிருந்தது. மாறிவிட்டது. ஊரில் மாவு வாசம் வருகிற இடமெல்லாம் மனுஷன் இருக்கிறான், மனுஷன் இருக்கிற இடமெல்லாம் மாவு வாசம் வருகிறது. சாப்பாட்டு மணி அடிக்கிற மாதிரி ஊரே தன்மேல் பூசிக்கொண்டு நடந்தது.

ஞானதுரைக்கு இந்தத் தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை, கூண்டைப் பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவசரப்பட வேண்டாம் என்றார். வியாழக்கிழமை மாவட்டக் கூட்டம் இருக்கிறது, முறையாகச் சொல்லி, முறையாக அறிவிப்போம். இப்போது திடீரென்று பூசாதே என்றால் கிறுக்கு என்பார்கள், அப்புறம் எதைச் சொன்னாலும் கேட்கமாட்டார்கள். அதுவரை காதும் காதும் வைத்தாற்போல இருங்கள் என்றார். நியாயமாகத்தான் பட்டது. நாலு நாள்தானே என்று செண்பகவல்லி தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்ததும் முதல் வேலையாகக் குளியலறையிலிருந்த மாவு டப்பாவை எடுத்து ஒளித்துவிட்டு ஒரு சோப்பைப் புதிதாகப் பிரித்து வைத்தாள். முத்தரசியிடம், நிறைமாதத்தில் பூலாங்கிழங்கு ஆகாது, உடம்புக்குச் சூடு, இனிமேல் சோப்புப் போடு என்றாள். தவசியிடமும் ஏதோ சொல்லி நிறுத்தினாள். மரியபுஷ்பம் அப்போது கூடத்தில்தான் இருந்தாள். குட்டிச் சட்டையில் நாடா வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவள் தலைநிமிர்ந்தாள்.

"எக்கா, அப்போ நாங்க தேய்க்கலாமா?"

சொல்லிவிடலாம் என்று செண்பகவல்லியின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. இவளிடம் சொன்னால் தெருவிடம் சொன்ன மாதிரி, பொழுது அடைவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும், வியாழக்கிழமைக்கு முன்னால் எல்லாம் குட்டிச்சுவராகிவிடும்.

"உனக்கென்னட்டி, நீ தேய்" என்றாள்.

மஞ்சள் வளையக் கொசு ஒன்று முத்தரசியின் காதோரம் வந்து சுற்றியது. அப்படியே திரும்பிப் போய் மரியபுஷ்பத்தின் கணுக்காலில் உட்கார்ந்தது. செண்பகவல்லி அதைப் பார்த்தாள். மகளை விட்டுவிட்டது என்று அவளுக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. அதற்குப் பிறகுதான் குனிந்து அடித்தாள். "பாருங்க, எனக்காக எப்படிப் பதறுதாங்கன்னு" என்று மரியபுஷ்பம் தவசியைப் பார்த்துச் சிரித்தாள்.

வியாழக்கிழமை புயல் எச்சரிக்கை வந்து கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். திங்கட்கிழமை என்றார்கள். திங்கட்கிழமைக்குள் ஊரில் காய்ச்சல் தொடங்கிவிட்டது. மரியபுஷ்பம் முதலில் கண்வலி என்றாள், பிறகு மூட்டுவலி என்றாள், அப்புறம் எழுந்திருக்கவில்லை. அவள் கணவன் அந்தோணி ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். இரத்தத்தில் தட்டணுக்கள் மளமளவென்று இறங்குகின்றன, இரண்டு நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்று மருத்துவர் சொன்னாராம்.

செய்தி வந்தபோது முத்தரசி மரியபுஷ்பம் தைத்துவைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். கெட்டிக்காரி, கண்டக்டரின் மகள்.

"எம்மா, மாவு எனக்குச் சூடுன்னு சொன்னியே. சூடுதானா?"

செண்பகவல்லி பொய் சொல்லப் பார்த்தாள், வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டத்தைச் சொன்னாள், வியாழக்கிழமையைச் சொன்னாள், ஞானதுரை சொன்ன நியாயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த நியாயமெல்லாம் அவள் காதுக்கே சாக்காகக் கேட்டது.

"கூண்டுல எது வாழணும்னு நீ முடிவு பண்ணுவ. வெளியே முடிவு பண்ண யாருமே இல்லன்னு சொல்லுவ" என்றாள் முத்தரசி. குரலை உயர்த்தவில்லை. "நீ இருந்திருக்கியேம்மா. என்னைய ஒருபக்கமா எடுத்து வச்சிட்டு, மரியபுஷ்பம் அத்தைய மாவோட விட்டுட்டியே."

செண்பகவல்லி செருப்பை மாட்டிக்கொண்டு மழையோடு மழையாக மருத்துவமனைக்கு நடந்தாள். தெருவில் ஒலிபெருக்கி ஆட்டோ அவளைத் தாண்டிப் போனது. காலையும் மாலையும் பூசுங்கள் என்று அவள் குரல் அவளிடமே சொல்லிவிட்டுப் போயிற்று. அவள் பின்னாலேயே ஓடி, ஆட்டோவை மறித்து, அதை நிறுத்தச் சொன்னாள். ஆபீசில் சொன்னால்தான் நிறுத்த முடியும் டாக்டரம்மா என்றான் ஓட்டுநர். அவளே உள்ளே கையைவிட்டு ஒயரைப் பிடுங்கினாள்.

பெண்கள் பிரிவில் கட்டிலுக்கு இரண்டு பேர், தரையிலும் பாய் விரித்திருந்தார்கள். நுழைந்ததும் மருந்து வாசம் வரவில்லை, பயத்தமாவு வாசம்தான் வந்தது. இப்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாசம் அவள் மூக்கில் உறைத்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் யாரோ ஒருவர் கையிலும் காலிலும் மாவு பூசிவிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பிகளில் கொசு அடர்ந்திருந்தது.

அந்தோணி மனைவியின் பாதத்தில் மாவைக் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "நீங்க சொன்னதுக்கு மேலயே மூணு நேரமும் பூசுதேன் டாக்டரம்மா. ஒரு வேளைகூட விடல."

செண்பகவல்லி அங்கிருந்த சொம்புத் தண்ணீரில் முந்தானையை நனைத்து, மரியபுஷ்பத்தின் பாதத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். பாதம், கணுக்கால், கை, கழுத்து. அந்தோணி எதற்கு என்று கேட்டான். துடைத்துக்கொண்டே சொன்னாள், மாவுதான் கொசுவைக் கூப்பிடுகிறது என்று. தனக்கு அது ஒரு வாரத்துக்கு முன்னாலேயே தெரியும் என்பதையும் சொன்னாள். அந்தோணி கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தான். அதைக் கீழே வைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை.

மரியபுஷ்பம் கண்ணைத் திறந்தாள். இதழ் வெடித்துக் கிடந்தது. "அன்னைக்கு நான் கேட்டேனேக்கா" என்றாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

துடைத்த மாவெல்லாம் செண்பகவல்லியின் விரலிலும் மணிக்கட்டிலும் ஒட்டியிருந்தது. ஜன்னலிலிருந்து ஒன்று கிளம்பி வந்து அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது. எட்டு வருஷம் கூண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றவள் அவள், விலகி என்று பேர் வைத்த பிறகு அந்த இனத்தில் ஒன்றுகூட இதுவரை அவளைத் தொட்டதில்லை. இது மஞ்சள் வளையக் காலை ஊன்றிக் குடிக்கத் தொடங்கியது. பழிவாங்க வந்ததோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று அவளுக்கே தெரியும். அதற்குப் பசித்தது, அவ்வளவுதான். அவள் ஓங்கி அடித்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு இரத்தம் தெறித்தது. அது தன்னுடையதா மரியபுஷ்பத்தினுடையதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

எழுந்து நின்று, அந்தப் பிரிவு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். மாவைக் கழுவுங்கள், இந்த நிமிஷமே கழுவுங்கள், வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், தப்பு என்னுடையது. யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற முகத்தோடு ஒருவர் பின் ஒருவராகத் துணியை நனைக்கத் தொடங்கினார்கள். மூலைக்கட்டிலில் மகளுக்குத் துணையிருந்த ஒரு பெண்மணி, பேனா பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மாவு வேண்டாம்னா, எந்தச் சோப்பும்மா போடணும்? பேரைச் சொல்லுங்க, ஊரே அதையே வாங்கிப் போட்டிருவோம்."

கட்டிலுக்குக் கட்டில் தலைகள் அவள் பக்கம் திரும்பின. அந்தோணியும் பார்த்தான். வீட்டில் முத்தரசிக்கு வைத்திருக்கிற சோப்பின் பேரைச் சொல்ல வாயெடுத்த செண்பகவல்லி, ஊருக்கு மறுபடியும் ஒரே வாசமா என்று அப்படியே நிறுத்தினாள். இரத்தம் பட்ட உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆளுக்கொண்ணு போடுங்க" என்றாள். "நான் சொல்லுததை மட்டும் போடாதீங்க."